வாத்துச் சட்டையை எந்தக் கட்டத்தில் எழுதுவது

எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து மொத்தம் முப்பத்தொரு சாமான்கள் இருந்தன. இது ஊகித்துச் சொல்லும் எண் அல்ல. எண்ணி, இலக்கம் போட்டு, கொப்பியின் கடைசித் தாளில் எழுதியவள் நான்தான். அந்த வருடங்களில் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த உங்களுக்கு அது அதிகமாகத் தோன்றும். ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அவ்வளவு விளையாட்டுச் சாமான் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். கேட்டால் சொல்லிவிடலாம். டின்மீன் டின்னில் கயிறு கட்டிச் செய்த லொறி ஒன்று. ஆபீசுக் கிளாக்கரையா பங்களாவிலிருந்து வந்த, உடம்பில்லாத பொம்மைத் தலை ஒன்று. அதன் ஒரு கண் உள்ளே விழுந்து, ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் போடும். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை உருட்டிச் செய்த பந்து. நூல் தீர்ந்த கட்டைகள் ஐந்து. பம்பரமாகச் சுற்றும் டர்பன் மரத்துக் காய்கள் ஒரு டின் நிறைய. அதை ஒரே சாமானாகத்தான் எழுதினேன், இல்லாவிட்டால் எண் நூறைத் தாண்டியிருக்கும். உடைந்த வளையல் துண்டுகள், காலில்லாத பிளாஸ்டிக் மாடு, என் கொம்பாஸ் பெட்டி, தங்கச்சியின் சிலேட்டு.

நான் இப்போது வேலை செய்யும் ஆய்வுகூடத்தில், பகல் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்கிறவர்கள் பிள்ளைகளின் அறையை ஒதுக்குவது பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். மூன்று பெட்டி வைக்கவேண்டுமாம். வைத்துக்கொள்வதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று, எறிவதற்கு ஒன்று. எது எந்தப் பெட்டிக்கு என்று பிள்ளைகளே தீர்மானிக்கவேண்டுமாம். அப்படிச் செய்தால் அழமாட்டார்களாம். நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் இதே முறையை, இதே காரணத்துக்காக எங்களுக்குச் சொல்லித்தந்தார். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம். எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியாப் பக்கம், கந்தப்பளைக்கு மேலே இருந்தது. இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக்கொடுத்த தோட்டத்து ஆட்களுக்குத் தரும் பாஸ்போர்ட்டை அப்பா பல வருடங்களுக்கு முன்பே எடுத்திருந்தார். எடுத்துத் தகரப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டு அதை மறந்தது போல இருந்தார். கலவரத்தின்போது பக்கத்து டவுனில் அவர் மாதச் சாமான் வாங்கும் கடை எரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர், பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேலே வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

எங்களுக்கு முன்னால் மேல்லயத்திலிருந்து ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் போனது. பெட்டி தூக்கிக் கொடுக்க அப்பா ஸ்டேசன் வரைக்கும் போனார். அந்த வீட்டுப் பிள்ளைகளின் சாமான்களையெல்லாம் அவர்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் பெரியவர்கள் அள்ளி எரித்துவிட்டார்களாம். ரெயில் ஏறும்வரை அந்தப் பிள்ளைகள் அழுதார்கள் என்றும், கடைசிப் பையன் பிளாட்பாரத்தில் புரண்டான் என்றும் அப்பா வந்து சொன்னார்.

“நம்ம புள்ளைங்க அப்புடிப் போகக்கூடாது. என்னா வேணும் என்னா வேணாம்னு அதுங்களே பாத்து ஒதுக்கட்டும்” என்றார்.

“அதுங்களுக்கு என்னாங்க தெரியும்?” என்று அம்மா கேட்டாள்.

“மூத்தவளுக்குத் தெரியும். கொப்பியில எழுதட்டும்.”

எனக்கு அப்போது பதினொரு வயது. தங்கச்சிக்கு ஐந்து. அப்பா அன்று என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு கணக்கப்பிள்ளையாகிவிட்டேன். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை, பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தை நெஞ்சோடு சாய்த்துப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் கொப்பியைப் பிடித்துக்கொண்டேன். அடிமட்டம் வைத்து மூன்று கட்டம் கீறினேன். கொண்டுபோவது, கொடுப்பது, எரிப்பது.

அப்பா சொன்ன விதிகள் இவை. ஆளுக்கு ஒரு பை. கோதுமை மா சாக்குத் துணியில் அம்மா தைத்த சின்னப் பை. அதில் அடங்குகிற விளையாட்டுச் சாமான் மட்டும் வரலாம். அடங்காதவற்றை இன்னொரு பிள்ளைக்கு எங்கள் கையாலேயே கொடுக்கவேண்டும். யாருக்கும் உதவாததைத்தான் எரிக்கலாம். உடுப்பில் பருத்தித்துணி பெட்டிக்குள் போகும். கம்பளி, குளிர்ச் சட்டை எதுவும் வேண்டாம்.

“அங்க வெயிலு மண்டையப் பொளக்குமாம். கம்பளியத் தூக்கிட்டுப் போனா ஊர்ல நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க” என்றார்.

அப்பா இந்தியாவைப் பார்த்தவர் அல்ல. திருச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்த ஓர் உறவுக்காரர், பகலில் தரையில் கால் வைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பி, கந்தப்பளைக் குளிரில் இருந்துகொண்டு, எங்கள் வீட்டில் இருந்த கம்பளிகள் எல்லாவற்றையும் கொடுப்பது என்று முடிவானது. பிழை என்று எங்கள் லயத்தில் யாரும் சொல்லவில்லை. போகிற எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

இனி வாத்துச் சட்டைக்கு வரவேண்டும்.

தங்கச்சிக்கு மூன்று வயதில் இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி இருப்பது போலச் சத்தம் வரும். அப்பா நுவரெலியாவில் பழைய உடுப்புக் கடையில் பச்சை நிறத்தில் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிவந்தார். நெஞ்சில் மஞ்சள் நூலில் ஒரு வாத்து. எந்தத் தேசத்துப் பிள்ளையோ போட்டுக் கழித்தது. ஐந்து வயதில் அது அவளுக்குக் கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது, ஆனாலும் ஏறும். குளிர் கூடிய நாட்களில் போட்டுக்கொள்வாள். மற்ற நாட்களில் அதன் இரண்டு கைகளையும் கழுத்தில் முடிச்சுப் போட்டு, உள்ளே ஒரு துணிச்சுருளைத் திணித்து, மடியில் வைத்துத் தாலாட்டுவாள். அதற்குப் பெயர் பாப்பா. புகையும் வியர்வையும் விக்ஸும் கலந்த ஒரு வாசம் அதில் இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் குழந்தைகளை விட்டுச்செல்லும் புள்ளக்காம்பராவில் இருந்த காலத்திலிருந்தே அவள் அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.

அவளுடைய சாமான்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பொம்மைத் தலையைக் கொடுக்கச் சம்மதித்தாள். மாட்டையும் சம்மதித்தாள். ஈயப் பந்தை எரிக்க முடியாது என்று நானே சொல்லிக் கொடுப்பதில் போட்டேன். எல்லாம் சுலபமாக நடந்தது. கடைசியில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பைக்குள் வைத்தாள். பை நிறைந்துவிட்டது.

நான் அதை வெளியே எடுத்தேன். கைமுடிச்சை அவிழ்த்தேன். துணிச்சுருளை உருவினேன்.

“இது உடுப்பு. கம்பளி உடுப்பு. குடுக்குற கட்டம்” என்றேன்.

“உடுப்பு இல்லக்கா. பாப்பா.”

“கை இருக்கு, கழுத்து இருக்கு, பொத்தான் இருக்கு. உடுப்புதான்.”

“பாப்பாவுக்கும் கை இருக்குல்ல?”

அவள் சொன்னது சரி. அன்றே எனக்கு அது தெரிந்தது. விளையாட்டுச் சாமான் என்று எழுதினால் அப்பாவின் விதிப்படி அது வரலாம். ஆனால் என் கொம்பாஸ் பெட்டியும் இரண்டு புத்தகங்களும் என் பைக்குள் அடங்கவில்லை. அவளுடைய பையில் பாதி காலியாக இருந்தால் அவற்றை அங்கே வைக்கலாம் என்று காலையிலிருந்தே கணக்குப் போட்டிருந்தேன். இதை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவள் அழத் தொடங்கினாள். அழவிடக்கூடாது, அழுதால் அப்பா என் கொப்பியை வாங்கி வைத்துவிடுவார். அதனால் அவள் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னேன்.

“கப்பல்ல ஒரு ஆபிசர் இருப்பாரு. கம்பளி எதுனாச்சும் கொண்டுபோனா பிடுங்கிக் கடல்ல போட்டுருவாரு. பாப்பாவுக்கு நீச்சத் தெரியுமா?”

அவள் அழுகையை நிறுத்தினாள். வெகுநேரம் யோசித்தாள். ஐந்து வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை நான் அதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், வேறொரு காரணத்தால். பிறகு சட்டையை எடுத்து மடித்தாள். மடிக்கத் தெரியாது, சுருட்டினாள். அடுத்த காம்பராவில் ஓர் அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, லயத்து முறையில் அத்தை. அவருக்கு மூன்று வயதில் ஒரு பையன். தங்கச்சி நேராக அங்கே போய் அவன் கையில் கொடுத்தாள்.

“தண்ணிகிட்ட கொண்டுபோகாதடா” என்று மட்டும் சொன்னாள்.

இருபத்தாறாம் இலக்கத்துக்கு எதிரே ‘கம்பளிச் சட்டை (பச்சை) – கொடுத்தாயிற்று’ என்று எழுதினேன். அப்பா கொப்பியைப் பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். ரெண்டு புள்ளையும் அழாம முடிச்சுருச்சு பாத்தியா என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு விருந்துகள் நடந்தன. போகிற குடும்பத்துக்கு லயத்தில் ஒவ்வொரு வீடாகச் சோறு போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் பன்னிரண்டு வீடுகளில் போட்டார்கள். ஊருக்குப் போய் எங்கள மறந்துறாதீங்க என்று அழுதவர்களும், அங்க தெனம் காலையில இட்லி தின்னு கொழுத்துப்போவீங்க என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். விருந்து முடிந்ததும் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று அப்பா தன் கையால் ஏதாவது ஒரு சாமானை அந்த வீட்டாருக்குக் கொடுப்பார். மழைக்குப் போடும் கருப்புக் கம்பளி ஒரு வீட்டுக்குப் போனது. நாங்கள் நாலு பேரும் போர்த்துக்கொள்ளும் பெரிய கம்பளி இன்னொரு வீட்டுக்கு. சோற்றுப் பானை, குடம், பாய். எங்கள் தோட்டத்து வழக்கப்படி, பயணம் போகிறவர்கள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கவும் கூடாது. திருப்பிக் கொடுத்தால் போகிறவர்களின் பயணம் தடைப்படும்.

செக்ரோலில் அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் வெட்டினார்கள். எங்கள் காம்பராவைப் புதிதாகக் கல்யாணம் செய்தவர்களுக்குக் கொடுப்பதாக எழுதிவிட்டார்கள். தகரப்பெட்டியை அப்பா கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்.

ரெயில் ஏற இரண்டு நாள் இருக்கும்போது தொழிற்சங்கத் தலைவர் குடையோடு ஏறிவந்தார். தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடவில்லையாம். வடக்கே நிலைமை சரியில்லையாம். ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள் என்றார். அவர் தேத்தண்ணி குடிக்க மறுத்தார். கொடுக்க எங்களிடம் கோப்பையும் இல்லை.

ஒரு கிழமை நாலு கிழமையானது. புதுத் தம்பதிகள் காம்பராவுக்கு வந்தார்கள். புதுக் கட்டடம் கட்டிய பிறகு கைவிடப்பட்ட பழைய புள்ளக்காம்பரா லயத்துக்குக் கீழே இருந்தது. கப்பல் வரும்வரை அங்கே இருந்துகொள்ளச் சொன்னார்கள். முகட்டில் தொட்டில் கட்டும் இரும்புக் கொக்கிகள் வரிசையாகத் தொங்கின. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. அப்பா சாக்கு அடித்தார். தரை எப்போதும் ஈரமாகவே இருந்தது. அப்பா கீழே மரக்கறித் தோட்டங்களில் லீக்ஸ் பிடுங்கவும் மண் கொத்தவும் போனார். அம்மா கூப்பிடுகிற இடத்துக்குப் போனாள்.

கட்டின பெட்டியை அவிழ்க்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அவிழ்த்தால் நாங்கள் போகவில்லை என்று ஆகிவிடும். அந்தப் பெட்டி சுவரோரம் கயிற்றோடு இருந்தது. நாங்கள் அதில் உட்கார்ந்தோம், சாப்பிட்டோம். இரவல் சட்டியில் அம்மா சமைத்தாள். சாக்குப் படங்குகளைச் சேர்த்துத் தைத்துப் போர்த்திக்கொண்டோம்.

அவமானம் குளிரைவிட மோசமானது என்று பெரியவர்கள் நினைத்திருக்கவேண்டும். பன்னிரண்டு வீட்டு விருந்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகாமல் நிற்கிற குடும்பத்தை யாருக்கும் நேரே பார்க்க முடியவில்லை. பார்க்க முடிந்தவர்கள் பேசினார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்க அம்மா போனபோது ஒருத்தி, “என்னாக்கா, கப்பலு பீலிக்கே வந்துருச்சா?” என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு அம்மா எல்லாரும் வேலைக்குப் போன பிறகுதான் தண்ணீருக்குப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் சாமான்கள் என் கண்முன்னால் திரிந்தன. ஈயப் பந்து ஒருத்தன் சட்டைப்பையில். நூல்கட்டைகள் ஒருத்தியின் புத்தகப் பையில். என்னால் கேட்க முடியாது. இலக்கம் மட்டும் மனதில் ஓடும். ஒன்பது. பதினான்கு.

தங்கச்சி பின்னேரங்களில் லயத்துக்கு ஏறிப்போய் அத்தையின் காம்பரா வாசலில் நிற்பாள். பையன் வாத்துச் சட்டையில் புரண்டு விளையாடுவான். அவள் எதுவும் கேட்கமாட்டாள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இறங்கி வருவாள். வந்து, இன்னைக்குத் துவைச்சிருக்காங்க, வாத்துக்கு ஒரு நூல் பிரிஞ்சிருக்கு என்று எனக்குச் செய்தி சொல்வாள்.

மார்கழி முடிந்து பனி கொட்டத் தொடங்கியது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளையாகக் கிடக்கும். பத்து மணிக்கு வெயில் பட்டதும் பனி பட்ட கொழுந்துகள் நெருப்பில் வாட்டியது போலக் கருகிப்போகும். அந்தக் கிழமையில் தங்கச்சியின் நெஞ்சில் பூனைக்குட்டி திரும்பி வந்தது.

நான் அவளிடம் கேட்டேன், சட்டையைப் போய் வாங்கிவரட்டுமா என்று.

“வேணாங்க்கா. கப்பல் வந்துரும்” என்றாள். “அப்பறம் அந்த ஆபிசரு...”

இருமல் வந்ததால் மிச்சத்தைச் சொல்லவில்லை. மூன்று மாதமாக அவள் அதை நம்பிக்கொண்டிருந்தாள். ஆபிசர் கிடையாது, நான் பொய் சொன்னேன் என்று அந்த நிமிடம் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவிடம் போகும் என்று பயந்தேன். சொல்லாமல், அவளுக்குத் தெரியாமல், அத்தையிடம் ஏறிப்போனேன்.

அத்தை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பையன் அடுப்பங்கரையில் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். தங்கச்சிக்கு இழுப்பு, சட்டை வேண்டும் என்றேன்.

“ஒங்கப்பா அனுப்புனாரா?”

“இல்லங்க அத்தை. நாந்தான் வந்தேன்.”

அத்தை கையிலிருந்த மாவைத் துடைத்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

“நீ சின்னப்புள்ள, ஒனக்குத் தெரியாது. போறவுங்க குடுத்தத நான் திருப்பிக் குடுத்தா ஒங்க பயணம் கெட்டுப்போகும் கண்ணு. நாளைக்குக் கப்பல் வரலைன்னா ஒங்கப்பா மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது?”

பிறகு எழுந்து, மலைக்குப் போகும்போது தான் போடும் கம்பளியை எடுத்து என் தோளில் போட்டார். இது நீங்க குடுத்தது இல்ல, என்னோடது, கொண்டுபோய்ப் போத்திவிடு என்றார். அது நனைந்து காய்ந்த கம்பளி. ஆட்டு வாசமும் கொழுந்து வாசமும் அடித்தது. நான் ஓடிவந்து தங்கச்சியின் மேல் போர்த்தினேன். அவள் உடனே தூங்கிவிட்டாள்.

அப்பா இருட்டுகிற நேரத்தில் மண்காலோடு வந்தார். கம்பளியைப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. தூங்குகிறவளின் மேலிருந்து அதை மெதுவாக எடுத்தார். தன் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். வெறும் பனியனோடு அந்தக் குளிரில் லயத்துக்கு ஏறினார். நான் பின்னால் போனேன்.

“பெரிய மனசு பண்ணிக் குடுத்தீங்க. ஆனா இன்னும் ரெண்டு மூணு நாள்ல போயிருவோம்ங்க. ஒங்களுக்கு மலைக்குப் போட வேணும்ல” என்று அத்தையிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அத்தை, வேண்டாம்ங்க, புள்ளைக்கு முடியலையே என்றார். அப்பா கம்பளியை இஸ்தோப்புக் கட்டையில் மடித்து வைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பளியை வாங்கிக்கொண்டால், கப்பலே இல்லை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர் பயந்தார். கப்பல் இல்லையென்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை, எந்த ஊரும் இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. புரிந்த பிறகும் அந்த இஸ்தோப்புக் கட்டையில் மடித்து வைத்த கம்பளியை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

மறுநாள் அவளுடைய உதடு நீலமாக இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பவர், பெயர் வெட்டியவர்கள் என்று பார்க்காமல் ஊசி போட்டார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். மரக்கறி லொறி கீழ்ப் பாதையில் நின்றது. போவதற்கு முன் அம்மா தகரப்பெட்டியின் அருகே போனாள். அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள். பெட்டியைக் கவிழ்த்து, இருந்த சேலைகளையெல்லாம் எடுத்துத் தங்கச்சியைச் சுற்றினாள். எல்லாம் பருத்தி. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

லொறி போகும்போது தங்கச்சி என்னைப் பார்த்தாள். பேசவில்லை. வெகுநேரம் யோசிப்பவள் போல இருந்தாள்.

நாலாம் நாள் பின்னேரம் அதே லொறி வந்து நின்றது. அம்மா முன்சீட்டிலிருந்து தனியாக இறங்கினாள். அப்பா பின்னால் முட்டைக்கோவாச் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார், மடியில் சேலைப் பொதியோடு.

நான் படித்த படிப்பு எனக்குச் சொல்வதையும் இங்கே எழுதவேண்டும். ஒரு சட்டை இல்லாததால் மட்டும் ஒரு பிள்ளைக்கு நுரையீரல் அழற்சி வராது. ஈரத்தரை, அடுப்புப் புகை, அரை வயிற்றுச் சாப்பாடு, ஏற்கெனவே இருந்த இழுப்பு, பிந்திப்போன வைத்தியம். இவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால் சட்டையை நான் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் போடுவேன். வேறு யாராவது என்னிடம் வந்து இப்படிக் கேட்டால் இதையே சொல்லி அவர்களைத் தேற்றுவேன்.

அடக்கத்துக்கு லயமே வந்தது. பீலியில் சிரித்தவளும் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பையன் மெல்லிய துணிச் சட்டையோடு வெடவெடவென்று நடுங்கினான். எங்கள் கண்ணில் படக்கூடாது என்று வாத்துச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அதை நான் எங்கேயும் பார்க்கவில்லை.

தேயிலை மலைக்கு அடியில், கவ்வாத்து வெட்டிய செடிகளுக்குப் பக்கத்தில் அவளை வைத்தார்கள். மறுநாள் அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போனார். மூன்று நாள் வாசலில் நின்றார். மண்ணுல ஒண்ண வச்சிட்டோம்ங்க, இனி எங்க போறது என்று பெரிய தொரையிடம் சொன்னாராம். நாலாம் நாள் பெயரைத் திரும்பப் பதிந்தார்கள். பிறகு கப்பலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அம்மா என்னைப் பீலிக்குக் கூட்டிப்போய்த் தலை தேய்த்துவிட்டாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. சீயக்காய் கண்ணில் பட்டதால் நான் கண்ணை மூடியிருந்தேன்.

“அந்தச் சட்டைய அவ மனசோடதான் குடுத்தாளா? நீ கூடத்தான இருந்த” என்று அம்மா கேட்டாள்.

“ஆமாம்மா. நான் ஒண்ணும் சொல்லல. அவளாத்தான் கொண்டுபோய்க் குடுத்தா.”

அம்மாவின் விரல்கள் என் தலையில் ஒரு கணம் நின்றன. பிறகு திரும்பத் தேய்த்தன.

“அதான பாத்தேன்” என்றாள். “அவளுக்குக் குடுக்குற கை.”

அதற்குப் பிறகு அம்மா உயிரோடு இருந்த காலம் முழுக்க, என் சின்னவளுக்குக் குடுக்குற கை, தன் ஒரே குளிர்ச்சட்டையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னாள். என் பிள்ளைகளுக்குச் சொன்னாள். கடைசியில் என் வீட்டில் படுத்திருந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ் பிள்ளையிடமும் அதைச் சொன்னாள். அந்தப் பிள்ளை உருகிப்போய், அப்படியாங்க என்று என்னைப் பார்த்துக் கேட்டது.

நான் தலையாட்டினேன்.